செமோருக்குத் தேதி குறிப்பவர்

மார்ச்சில் பிறந்தவன், ஏப்ரலில் பிறந்தவன், ஜூனில் பிறந்தவன் மூவரும் ஈப்போ பக்கத்துச் செமோரில் ஒரே சனிக்கிழமை ராத்திரி ஒரே கேக்கை வெட்டுகிறார்கள் என்றால் ஜோசியரைத் தேடிப் போக வேண்டாம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நண்பருக்கு அந்த வாரம் லீவு கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை வேலை முடிந்த கையோடு பாலத்து நெரிசலில் நசுங்கி, ஜொகூர் பாருவுக்கு வந்து, அங்கிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல் இரவு பஸ்ஸில் கழுத்தை ஒடித்துக்கொண்டு தூங்கி வருகிறார். அம்மா கையால் ஒரு வேளை சாப்பிட்டு மத்தியானம் முழுக்கக் குறட்டை விடுகிறார். எட்டு மணிக்கு இஸ்திரி போட்ட சட்டையும் ஊரைத் தூக்கும் சென்டுமாக வெளியே வரும்போது அவர் வேறு ஆள். கேக்கில் மூன்று பெயர் எழுத இடமில்லாமல் மூன்றாவது பெயர் பக்கவாட்டில் வழிந்திருக்கும். வெட்டிய துண்டு வாய்க்குப் போவதைவிட முகத்துக்குப் போவதே அதிகம். நுரை ஸ்பிரே, கிரீன்டவுனில் கராவோகே, எல்லோருக்கும் தொண்டை கட்டிய பிறகு கிளேபாங் பக்கம் ஒரு மாமாக் கடை. தாத்தா ரப்பர்த் தோட்டத்தில் பெரட்டுக்கு எழுந்து நின்ற அதே இருட்டு வேளையில், பேரன் மேசையைத் தட்டி இன்னொரு ரொட்டி சானாய் சொல்லிக்கொண்டிருப்பார்.

இதற்கு ஊரில் ஒரு விளக்கம் தயாராக இருக்கிறது: காசு பேசுது. அதற்கு ஆதாரமும் உண்டு. 1973 வரை மலேசிய வெள்ளியும் சிங்கப்பூர் வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று; இன்று அங்கத்திய ஒரு வெள்ளிக்கு இங்கே மூன்றுக்கு மேல். பில் வந்ததும் நண்பர்கள் பையைத் தடவுவது போல் பாவனை செய்ய, "டேய், வைங்கடா, இன்னிக்கு நான் பெலாஞ்சா" என்று அவர் கையமர்த்துவதில் நாணயமாற்று விகிதத்தின் வாசனை கொஞ்சம் அடிக்கத்தான் செய்கிறது. ஆனால் பகட்டு என்ற இந்தத் தீர்ப்பு சாட்சிகளிடம் வந்ததும் தடுமாறுகிறது. பகட்டுக்காரனுக்கு வாய் பிளந்து பார்க்க ஆள் வேண்டும். தன் பழைய கதை தெரியாத ஆளாகவும் இருக்க வேண்டும். இவரோ, தான் லைசென்ஸ் டெஸ்டில் எத்தனை முறை கோட்டை விட்டோம், எந்தப் பெண்ணின் அண்ணனுக்குப் பயந்து எந்தக் கால்வாயைத் தாண்டினோம் என்று விரல் விட்டுச் சொல்லக்கூடியவர்களையே தேடிப் பிடித்து உட்கார வைக்கிறார். தன்னைக் கவிழ்க்கப்போகும் சாட்சிகளுக்குத் தன் செலவிலேயே மீ கோரேங் வாங்கிக் கொடுக்கிறவரைப் பகட்டுக்காரர் என்பது பகட்டையே அவமதிப்பதாகும். சிங்கப்பூர் கம்பெனியில் அவரை மரியாதையாக அழைப்பவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். லயன் வீட்டுக் காலத்துப் பட்டப்பெயரைச் சொல்லி நடுக்கடையில் கூப்பிட இந்த ஐந்தாறு பேரை விட்டால் ஆளில்லை.

அவர் காசு கொடுத்து வாங்குவது வேறொன்றை. மலேசிய அடையாள அட்டை எண்ணில் 12 இலக்கம். முதல் 6 பிறந்த தேதி, அடுத்த 2 பிறந்த மாநிலம். பேராக்கில் பிறந்தவருக்கு 08. அரசாங்கமே ஒருவரின் பிறந்தநாளையும் ஊரையும் முதுகோடு முதுகு ஒட்டி வைத்திருக்கிறது. சிங்கப்பூரில் அவர் சட்டைப்பையில் இருக்கும் வேலை அனுமதி அட்டையின் எண்ணில் ஓர் எழுத்து, 7 இலக்கம், மறுபடி ஓர் எழுத்து. அதில் பிறந்த தேதியும் கிடையாது, பேராக்கும் கிடையாது. வருடத்தில் முக்கால்வாசி நாள் அந்த எண்ணாக இருக்கிறவர், 08 என்ற எண்ணில் தன் பெயர் இன்னும் இருக்கிறதா என்று அவ்வப்போது வந்து பார்த்துப் போகிறார். தன் பிறந்தநாளை வைத்து இதைச் சோதிக்க முடியாது. அதற்கு யார் வேண்டுமானாலும் வாழ்த்துவார்கள், வங்கிகூட வாழ்த்தும். அடுத்தவன் பிறந்தநாள் போட்டோவில் நடுவில் நிற்க இடம் கிடைக்கிறதா என்பதுதான் உண்மையான சோதனை.

அப்படியானால் வாட்ஸ்அப்பில் வாழ்த்து அனுப்பினால் போதாதா, வீடியோ காலில் கேக் வெட்டுவதைப் பார்த்தால் போதாதா என்று சிக்கனக்காரர்கள் கேட்பார்கள். போதாது. போனில் வாழ்த்துகிறவர் முகத்தில் யாரும் கேக் அப்ப முடியாது. பெரியவர்களின் ஆட்சேபம் இன்னும் கனமானது: தோட்டத்தில் சம்பள நாள் தவறாமல் கள்ளுக்கடைக்குப் போனதை இவன் ஏசி போட்ட அறையில் செய்கிறான், வித்தியாசம் என்ன? வித்தியாசம் இல்லாத வீடுகளும் உண்டு. அங்கே பெரியவர்கள் சொல்வதே சரி. ஆனால் 2020இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, குடித்துவிட்டுக் கார் ஓட்டி முதல் தடவை மாட்டினாலே 10,000 முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை. அதனால் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவன் ராத்திரி முழுக்க மைலோ ஐஸ் குடித்துக்கொண்டு, மற்றவர்களின் கண்ணீரையும் கார் சாவியையும் காவல் காக்கிறான். பெரியவர்கள் காலத்துக் கள்ளுக்கடையில் இப்படி ஒரு பதவி இருந்ததில்லை. பில்லைக் கொடுப்பவர் சிங்கப்பூர்க்காரர் என்றாலும், மறுநாள் நடந்ததை நடந்தபடி சொல்லக்கூடியவன் இவன் ஒருவன்தான் என்பதால், கடை மூடும் நேரத்தில் அவரே இவனிடம் கொஞ்சம் பணிவாகப் பேசுவார்.

நண்பர்களையும் ஏமாளிகள் என்று நினைக்க வேண்டியதில்லை. தேதியை நகர்த்த அவர்கள் சம்மதிப்பது கேக்குக்காக மட்டும் இல்லை. தோட்டங்கள் தாமான்களான பிறகு செமோரிலேயே இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்ற தைரியத்தில் பார்க்காமலே இருக்கிறார்கள். இரண்டு தெரு தள்ளி இருப்பவனைச் சந்திக்க ஜொகூர் தாண்டி ஒருவர் வர வேண்டியிருக்கிறது. ஆகவே குழுவில் "மச்சான், எப்போ வர்ற?" என்று விழும் செய்தியில் அவருக்கான ஏக்கம் பாதிதான், மீதி, எங்களை ஒன்று சேர்க்க ஆள் வேண்டும் என்ற கணக்கு.

இந்த ஏற்பாட்டில் நியாயமான புகார் உள்ளவன் ஜனவரியில் பிறந்தவன் ஒருவன்தான். தைப்பூசத்துக்குப் பேராக்கில் பொதுவிடுமுறை. சிங்கப்பூரில் அது 1968லேயே பட்டியலிலிருந்து போய்விட்டது. எப்படியும் சொந்த லீவை வெட்டி ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்கு வரத்தான் போகிறோம், அப்படியே இவன் பிறந்தநாளையும் முடித்துவிடலாம் என்று நண்பர் தீர்மானிக்கிறார். எல்லோரும் விரதத்தில் இருப்பதால் இவனுக்கு மட்டும் கராவோகே இல்லை, மீ கோரேங் இல்லை, கேக்கும் முட்டை போடாத கேக். அதைக்கூட அவன் பொறுத்துக்கொள்வான். மொட்டைத் தலைகளுக்கு நடுவே எடுத்த அந்தப் போட்டோவில் பிறந்தநாள்காரன் யாரென்று கேட்டு, வருடா வருடம் யாராவது ஒருவர் கமென்ட் போடுகிறார் பாருங்கள், அதைத்தான் அவனால் தாங்க முடிவதில்லை.