இருபது பர்சன்ட் அண்ணன்

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி யாரையாவது இடித்தால், முதலில் வருவது ஆம்புலன்ஸா, "கேஸ் போட்டுத் தர்றேன்ணே" என்பவரா என்று பந்தயமே கட்டலாம். எக்ஸ்ரே வருவதற்குள் வக்காலத்தில் கையெழுத்தாகிவிடும். "இப்ப பைசா வேணாம்ணே. வர்றதுல இருபது பர்சன்ட்." உடைந்த கால் மட்டும் முழுசாக நமக்கே.

வக்கீல் ஆள் பிடிக்கக் கூடாது, கிடைக்கும் தொகையில் பங்கு பேசக் கூடாது என்கின்றன பார் கவுன்சில் விதிகள். புரோக்கர்தான் வக்கீலே இல்லையே!

இடித்த வண்டி நிற்காமல் பறந்து, எதுவென்றே தெரியாமல் போனால் அரசுத் திட்டத்தில் உயிரிழப்புக்கு 2 லட்சம், படுகாயத்துக்கு 50,000 ரூபாய். அதில் இருபது பர்சன்ட் பெட்ரோலுக்குக் காணாது. அண்ணன் அந்தப் பக்கமே வரமாட்டார்.

லாரி டிரைவருக்கு வேறு அண்ணன். லைசென்ஸ் சஸ்பெண்டா? "உள்ளே ஆள் இருக்கு." மோட்டார் வாகனச் சட்டத்தின் 19-வது பிரிவுப்படி, டிரைவர் தரப்பைக் கேட்காமல் லைசென்ஸில் கை வைக்கக் கூடாது, உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீடும் உண்டு. ஆர்.டி.ஓ. ஆபீஸ் எதிர் டீக்கடையில் இதை யாரும் சொல்வதில்லை. சொன்னால் டீக்கு யார் காசு கொடுப்பது?

1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும், பட்டியல் இனத்தவருக்கும், ஆலைத் தொழிலாளருக்கும் வருமானம் பாராமல் இலவச வக்கீல் உண்டு. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை பாதிப் பேர் இதில் அடக்கம். கையெழுத்துப் போடுமுன் சட்ட உதவி எண் 15100-க்கு ஒரு போன் போடுங்கள்.