லகாட்டின் சர்வர்காரர்

சர்வர்காரர் என்பவர், ஈப்போவிலிருந்து மெங்லெம்பு, லகாட் என்று நீளும் சாலையோரக் கம்பெனிகளுக்குக் கோப்புகள் காணாமற்போகும் நாளில் மட்டும் நினைவுக்கு வருபவர். கோப்புகள் உண்மையில் எங்கும் போவதில்லை. சர்வரிலேயே பத்திரமாக இருக்கும். அதற்குப் போகும் வழிதான் அடைபட்டிருக்கும். இதை அவர் சொன்னால் கம்பெனி முதலாளியான தவுக்கே நம்பமாட்டார்.

மோட்டார் சைக்கிள், முதுகுப்பை, பைக்குள் ஒரு நீல லேன் கேபிள், தாளில் ஒட்டிய வட்ட பேட்டரிகள்: இவை அடையாளங்கள். பாட்டி பால்வெட்டியவர், ரப்பர்த் தோட்டம் செம்பனைத் தோட்டமான பிறகு குடும்பம் டவுனுக்கு வந்திருக்கும். வீட்டார் இவர் தொழிலைக் 'கம்ப்யூட்டர் ரிப்பேர்' என்பார்கள். பெண் பார்க்கப் போனால் மட்டும் 'ஐடி'.

அழைப்பு காலை 8.30க்கு வரும்.

"தம்பி, எஸ் டிரைவ் காணோம்லா! நேத்து சாயங்காலம்கூட இருந்துச்சி."

"யாராச்சும் எதையாச்சும் தொட்டீங்களாக்கா?"

"நாங்க ஒன்னும் தொடல."

தொட்டிருக்கிறார்கள் என்பதற்கு இதுவே முதல் தடயம். வந்தவர் யாருடைய கதையையும் கேட்பதில்லை. திரையில் வந்த எண்ணைத்தான் கேட்பார். 53 என்றால் சர்வர் இருக்கும் இடமே கணினிக்குத் தெரியவில்லை: கேபிள் கழன்றிருக்கும், பெயர் தேடல் பிசகியிருக்கும், அல்லது 445ஆம் போர்ட்டை யாரோ அடைத்திருப்பார்கள். 1326 என்றால் வாசல்வரை போய்விட்டது, பெயரோ பாஸ்வர்டோ தவறு. 5 என்றால் ஆள் இன்னார் என்று தெரியும், அனுமதிதான் இல்லை.

பின்னிரண்டையும் ஒன்றாகக் குழப்புபவர்கள் ஈப்போவின் பெரிய ஆபீஸ்களிலும் உண்டு. சர்வர்காரருக்கு அந்தக் குழப்பம் வராததற்குக் காரணம் பாட்டி சொன்ன பெரட்டுக் கதைகள். விடியுமுன் தோட்டத்து ஆள்களைப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில், செக்ரோல் என்ற பெயர்ப்பட்டியலில் பெயர் இல்லாமல் திரும்பியவர் வேறு. பெயர் கூப்பிட்டும் பால்வெட்ட நிரை கிடைக்காமல் நின்றவர் வேறு. ஒரே சர்வருக்குள் ஒரே கணினி இரண்டு பெயரில் நுழையப் பார்த்தால் வரும் 1219, ஒரே பெரட்டில் இரண்டு பெயருக்குக் கை தூக்கிய ஆசாமிக்குக் கிடைத்த பதில்.

அவர் முகம் மலர்வது கடிகாரக் கோளாறில்தான். பாஸ்வர்டு சரி, கேபிள் சரி. ஐபி எண்ணைத் தட்டினால் கோப்புறை திறக்கிறது, சர்வரின் பெயரைத் தட்டினால் மறுக்கிறது. மற்றவர்கள் பாஸ்வர்டை நான்காவது முறையாக மாற்றிக்கொண்டிருக்க, இவர் திரையின் மூலையில் மணி பார்ப்பார். பெயரைச் சொல்லி வருபவரைச் சோதிப்பது கெர்பரஸ். அது தரும் சீட்டில் நேரம் குறித்திருக்கும். இரு பக்கக் கடிகாரங்களும் 5 நிமிடத்துக்கு மேல் முரண்பட்டால், வழக்கமான அமைப்பில் சீட்டு செல்லாது. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியா முழுக்கக் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியபோது பெரட்டுக்காரர்கள் இன்னும் கொஞ்சம் இருட்டில் எழுந்து பழகிக்கொண்டார்கள். கெர்பரஸுக்கு அந்தத் தோட்டத்துப் பொறுமை கிடையாது. சர்வரைத் திறந்து, கடிகாரத்தை ஓட்டும் செத்த பேட்டரியை நகத்தால் நெம்பி எடுத்துப் புதியதை அமுக்குவார். 'டிக்' என்ற சத்தம் கேட்டதும் அவரே தலையாட்டிக்கொள்வார்.

பழைய ஸ்கேனர் அடுத்த தலைவலி. 2017 மே மாதம் வான்னாகிரை என்ற கணினிப் புழு உலகை உலுக்கிய அதே ஆண்டில், கோப்புகளைப் பகிரும் மொழியான எஸ்எம்பி-யின் முதல் பதிப்பை விண்டோஸ் புதிதாக நிறுவும் கணினிகளில் கைவிடத் தொடங்கியது. ஸ்கேனருக்கு அந்த மொழி மட்டுமே தெரியும். "நல்லாத்தானே ஓடுது, ஏன் மாத்தணும்?" என்பார் தவுக்கே.

சர்வர்காரரின் பலவீனம் மாலை ஆறு மணி. ஆறாகியும் திறக்காத கோப்புறைக்கு 'எல்லாருக்கும் முழு அனுமதி' என்று கொடுத்து, "இன்னைக்கு மட்டும்" என்று சொல்லிப் போய்விடுவார். சம்பளப் பட்டியலை லோரி டிரைவர் சத்தம்போட்டுப் படிக்கும் நாள்வரை அது அப்படியே கிடக்கும். சேதி கேட்டு, அன்றிரவே வீட்டிலிருந்தபடி அதை மூடுவார். மறுநாள் 8.30க்கு ஃபோன் அடிக்கும். ஒன்றும் தொடவில்லை என்று அக்கா சொல்வது அந்த ஒருநாள் மட்டும் உண்மையாக இருக்கும்.