வாயைத் திறக்கச் சொல்பவர்

குடிமக்களின் கண்களுக்காக ஆஸ்திரேலியா அளவுக்குக் கவலைப்பட்ட அரசு உண்டா? 2007-இல் 8.4 கோடி டாலர் செலவில், கேட்ட வீட்டுக்கெல்லாம் இலவச இணைய வடிகட்டி. மெல்போர்ன் மாணவன் ஒருவன் அரை மணி நேரத்தில் அதைத் தாண்டினான். வயது 16. அன்று வீட்டுப்பாடம் இல்லை போலும்.

அடுத்து வந்த அமைச்சர் ஸ்டீபன் கான்ராய், வீடுகளை நம்பாமல் இணைய நிறுவனங்களிலேயே சல்லடை கட்டச் சொன்னார். எதையெல்லாம் தடுப்பார்கள்? ரகசியம். தெரிந்தால் பார்த்துவிடுவோமே!

2009-இல் விக்கிலீக்ஸ் ஒரு தடைப்பட்டியலை வெளியிட்டது. அதில் குயின்ஸ்லாந்து பல் மருத்துவர் ஒருவரின் தளமும் இருந்தது. நியாயம்தான். வருகிறவர்களையெல்லாம் வாயைத் திறக்கச் சொல்கிற ஆளை எந்த அரசு சும்மா விடும்?

2012-இல் கட்டாய வடிகட்டி கைவிடப்பட்டது. கொண்டாடியவர்கள் கொஞ்சம் பொறுத்திருக்கலாம். மறு ஆண்டே பங்கு, முதலீட்டுக் கண்காணிப்பு ஆணையம் பழைய தொலைத்தொடர்புச் சட்டத்தைத் தூசு தட்டி, மோசடித் தளம் ஒன்றை முடக்கச் சொன்னது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தளங்கள் கூடவே படுத்தன. அவற்றில் ஒன்று மெல்போர்ன் இலவசப் பல்கலைக்கழகம். காசு வாங்காமல் பாடம் நடத்துகிறார்களாம். இதைவிடப் பெரிய மோசடி உண்டா?