வெளக்கு போச்சா, பாவை போச்சா?

ஏலே தம்பி, மொகத்த எதுக்கு இப்படித் தொங்கப் போட்டுருக்க? லேப்டாப்பு இருட்டிப் போச்சா? அதுக்குள்ள மதர்போர்டு காலின்னு முடிவு கட்டிட்டியாக்கும்! பல்லு வலிக்குன்னு நெட்டுல பாத்துட்டு, மூளையில கட்டின்னு அழுத பயதான நீ. இங்கன தார்சாவுல உக்காரு. சுக்குக்காப்பி குடி. பெறகு பேசுவோம்.

2011-ல நம்ம தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில ஸோஹோ சாப்ட்வேர் கம்பெனிக்காரங்க ஆபீசு தொறந்தப்ப, "வயக்காட்டுல என்னலே கம்ப்யூட்டரு"ன்னு சிரிச்ச ஆளுக இங்கன நெறைய உண்டு. அதே வருஷம் செப்டம்பர் 15-ல, அண்ணா பொறந்த நாளன்னைக்கு, கவர்மெண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இலவச லேப்டாப்பு குடுக்க ஆரம்பிச்சுது. பெறகென்ன, வீட்டுக்கு வீடு ஒண்ணு வந்து சேந்துச்சு. வேலை பாத்துச்சான்னு கேக்காத. சில வீட்டுல பீரோ மேல இருந்துச்சு.

இப்ப அதுவும் போதலைன்னு, சீசன் வந்தா குத்தாலத்துல ஐந்தருவிப் பக்கம் ரூமு போட்டு வேலை பாக்கானுவ. தண்ணிச் சத்தம் கேட்டாத்தான் மூளை ஓடுமாம். மெயினருவியில ஆர்ச்சைத் தாண்டித் தண்ணி விழுந்து, குளிக்கத் தடை போட்டாத்தான் பயலுவ லேப்டாப்பையே தொறக்கானுவ. அன்னைக்குப் பாத்து அது மங்கலாத் தெரியும். ஒடனே, "தாத்தா, புது ஸ்கிரீனு மாத்தணும், பணம் வேணும்." ஏன்டே, கீபோர்டுல மேல் வரிசையில சூரியன் படம் போட்ட பட்டன் இருக்கே, அத அமுக்கிப் பாத்தியா? சில மிசின்ல கீழ மூலையில இருக்க எஃப்என் பட்டனையும் சேத்து அமுக்கணும். அதப் பாக்க இன்ஜினியரிங் படிக்கணுமா?

கரண்டு போனதும் மங்குதா? அது நோயே இல்ல, சிக்கனம். பேட்டரி ரொம்ப எறங்குனா, விண்டோஸ் அதுவாவே வெளிச்சத்தக் கொறைக்கும். சார்ஜரச் சொருகு, தெளியும். சில லேப்டாப்புல கேமராப் பக்கத்துல வெளிச்சத்த மோப்பம் புடிக்க ஒரு கண்ணு இருக்கும். அது மேல கட்சிக்கொடி ஸ்டிக்கர ஒட்டி வச்சுட்டு, மங்குது மங்குதுன்னா? அதுக்கு ராத்திரின்னு நெனப்பு.

இன்னொரு கூத்து கேளு. மூடி மூடிருக்கா தொறந்திருக்கான்னு தெரிஞ்சுக்க லேப்டாப்புக்குள்ள ஒரு காந்த வேலை வச்சிருக்கான். நீ காந்தப் பூட்டு வச்ச போன் கவரக் கொண்டு போயி, மணிக்கட்ட ஊணுத எடத்துல வச்சா, மூடிட்டாங்கன்னு நெனச்சு அது தூங்கப் போயிரும். எடுத்துட்டா முழிச்சுக்கும். கடைக்குத் தூக்கிட்டு ஓடுனா அங்க நல்லாத்தான் எரியும். போனைத்தான் நீ பைக்குள்ள போட்டுட்டியே!

சரி, இதெல்லாம் பாத்தாச்சு, இன்னும் இருட்டுத்தான். அப்ப தோல்பாவைக்கூத்த நெனச்சுக்க. வெள்ளை வேட்டி கெட்டி, பின்னால வெளக்கு எரியும். நடுவுல பாவை ஆடும். வெளக்கு அணைஞ்சா ராமரும் ராவணனும் செத்தா போனாங்க? அங்கனயேதான் இருக்காங்க, ஒனக்குத் தெரியல. ஒன் ஸ்கிரீனும் அதேதான். எல்சிடிக்குச் சொந்தமா வெளிச்சம் கெடையாது. பின்னால எல்இடி வெளக்கு. 2010-க்கு முந்தின பழைய மிசின்ல பெரும்பாலும் மெலிசா ஒரு ட்யூப்லைட்டு. இதத்தான் பேக்லைட்டுன்னு வாய் நெறையச் சொல்லுதான். ஓஎல்இடின்னு வெலை கூடுனது ஒண்ணு வந்திருக்கு, அதுல புள்ளி ஒவ்வொண்ணும் தானே எரியும். அதுக்கு இந்தக் கணக்கு ஒத்து வராது.

இப்ப ரூமு லைட்ட அணை. லேப்டாப்ப ஆன் பண்ணு. போன் டார்ச்ச ஸ்கிரீனுக்கு நெருக்கத்துல, சாச்சுப் புடி. மொகத்தக் கொண்டு போயி உத்துப் பாரு. நெழலா கடிகாரமோ, நீ தொறந்து போட்ட ஃபோல்டரோ தெரியுதா? தெரிஞ்சா பாவை ஆடுது, வெளக்குத்தான் போச்சு. ஒண்ணுமே தெரியலையா? எச்டிஎம்ஐ வயர எடுத்து டிவியில மாட்டு. டிவியில படம் வந்தா பெரும்பாலும் கம்ப்யூட்டருக்குக் கேடு இல்ல. சீக்கு அனேகமா ஸ்கிரீன்லயோ அதுக்குப் போற கேபிள்லயோதான். டிவியும் இருட்டா இருந்தா அப்பதான் மெமரி, போர்டுன்னு நீ பயப்படலாம். அதுக்கு முன்னால விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி நாலையும் சேத்து ஒருக்க அமுக்கு. டிரைவர் மயங்கிக் கெடந்தா எந்திரிச்சுக்கும். அதுக்கும் மசியலைன்னா ஆஃப் பண்ணு, சார்ஜரக் கழட்டு, பவர் பட்டன முப்பது செகண்டு அமுக்கிப் புடிச்சிட்டுப் பெறகு ஆன் பண்ணு. சேமிக்காத வேலை இருந்தா அது போயிரும், அதுக்கு எங்கிட்ட வந்து அழக்கூடாது.

மூடிய மெதுவா மேலயும் கீழயும் அசைச்சும் பாக்கணும். பாதி தொறந்தா வெளிச்சம் வருது, நிமுத்துனா அணையுதுன்னா, கீலுக்குள்ள போற கேபிள் நஞ்சு போச்சு. ஒத்தக் கையால ஒரு மூலையப் புடிச்சு வெடுக்குன்னு தொறந்தா நையாம என்ன செய்யும்? அது என்ன மாட்டுத் தொழுவமா?

குத்தாலத்துக்குன்னே தனியா ஒரு சீக்கு உண்டு. பழைய குத்தாலத்துல குளிச்சிட்டு, ஈரத் துண்டையும் லேப்டாப்பையும் ஒரே பையில திணிச்சு, பிரானூர் பார்டர்ல புரோட்டா திங்க வண்டிய விட்டுருதான். நாட்டுக்கோழியும் சால்னாவும் முடிச்சு வந்து பைய அவுத்தா, ஸ்கிரீன்ல வெள்ளை வெள்ளையாத் தேமல். பேக்லைட்டு மேல இருக்க தாளுக்குள்ள தண்ணி எறங்கிட்டு. அந்நேரம் ஆன் பண்ணிப் பாக்கக் கை துறுதுறுங்கும். பண்ணாத. ஈரத்துல கரண்டு ஓடுனா வெளக்குக்குப் போற சின்ன ஃப்யூசும் சேந்து போவும். ஆஃப் பண்ணி, சார்ஜர எடுத்துட்டு, துடைச்சு, காத்தாடிக்குக் கீழ வச்சிட்டு, ஆளக் கூப்பிட்டுத் தொறந்து காயப் போடு. சாரல் நேரத்துல கெட்டுன வேட்டியே காய மாட்டேங்கு, பொறுமை வேணும். அரிசிக்குள்ள பொதைக்கச் சொல்லுதான் ஒரு கிறுக்கன். அரிசி சோறாக்கத்தாம்லே. அதுல இருக்க தவிடு வேற உள்ள போயி ஒட்டிக்கும்.

கடைக்குப் போறதுன்னா போ, யாரு வேண்டாம்னா? ஆனா "அண்ணாச்சி, ஸ்கிரீனு போச்சு"ன்னு வாயத் தொறக்காத. அப்படிச் சொன்னா புதுசு மாட்டிவிட்டு துட்ட வாங்கிப் போடுவாரு. "டார்ச் அடிச்சா படம் தெரியுது, டிவியில தெளிவா வருது, மூடிய அசைச்சா அணையுது"ன்னு சொல்லு. கேபிளா, பேனலான்னு கேளு, ரெண்டுக்கும் வெலை கேளு. பேனல்தான்னு மாத்துனா, கழட்டுன பழசையும் கையில வாங்கிட்டு வா. பணம்? மொதல்ல அந்தச் சூரியன் பட்டன அமுக்கிட்டு வந்து கேளு, தாரேன்.