ஒல்லி அரசு, குண்டு மேசை

விருத்தாசலம் மணிமுத்தாற்றில் பன்னிரண்டாயிரம் பொன்னைப் போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் சுந்தரர். அது சிவபெருமான் நேரடியாகக் கவனித்த துறை. அதே விருத்தாசலத்தில் நம் அரசு போட்ட பொன் எந்தக் குளத்திலும் எழுந்ததாகத் தகவல் இல்லை.

போட்டது கொஞ்சமா? செராமிக் தொழிற்பேட்டை போட்டார்கள். செராமிக் படிக்கவென்றே கல்லூரி திறந்தார்கள். பிள்ளைகள் படித்து வந்து தொழில் செய்யட்டும் என்று பொறுக்கவில்லை. தமிழ்நாடு செராமிக்ஸ் என்று அரசே கடை விரித்தது. சாக்கடைக்கு ஸ்டோன்வேர் பைப் செய்யும் ஆலை சிமென்ட் கார்ப்பரேஷன் கைக்குப் போனது. ஏன் சிமென்ட்காரர் கையில் என்று கேட்காதீர்கள். கோப்பு அந்த வழியாக நடந்திருக்கும். கடைசியில் தமிழ்நாடு செராமிக்ஸ் மூடப்பட்டது. கொலு பொம்மையும் அகல் விளக்கும் ஃபியூஸ் கட்டையும் செய்யும் சிறு பட்டறைக்காரர்கள் தங்கள் பாட்டைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள்.

இதைப் பார்த்ததும் சுதந்திரச் சந்தைப் பண்டிதர்களுக்கு வாயெல்லாம் பல். "அரசு சிறுத்தால் நாடு செழிக்கும், நாங்கள் அப்போதே சொன்னோமே!" சொன்னது நீங்கள் இல்லை ஐயா, ராஜாஜி. 1959-லேயே சுதந்திராக் கட்சி கட்டி, பர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்யம் என்று வைதார். வைததில் பாதி நியாயம். ஆனால், அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆண்டுதோறும் அச்சாகும் பொருளாதாரச் சுதந்திரப் பட்டியல்களை முழுசாகப் படித்துவிட்டு வந்து பேசுங்கள். உச்சியில் நிற்கும் சிங்கப்பூரில் நிலத்தின் பெரும்பகுதி அரசுடையது. ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் அரசு கட்டிய அடுக்ககத்தில் குடியிருக்கிறார்கள். முன்வரிசையில் இருக்கும் டென்மார்க்கில் நாட்டு வருமானத்தில் கிட்டத்தட்டப் பாதியை அரசு செலவழிக்கிறது. இந்தியாவில் மத்திய, மாநில அரசுகள் எல்லாம் சேர்ந்து செலவழிப்பது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆக, ஏட்டுக் கணக்கில் நம் அரசு ஒல்லி. ஒரு பட்டறைக்காரரிடம் சொல்லிப் பாருங்கள், கையிலிருக்கும் மண்ணை உங்கள் மேலேயே அப்புவார்.

ஏனென்றால் அவர் பார்க்கிற அரசு வேறு. பக்கத்து நெய்வேலியில் நிலக்கரிக்கு மேலே கிடக்கும் களிமண் மத்திய அரசுக் கம்பெனியான என்.எல்.சி.யுடையது. மனை மாநில அரசின் சிட்கோவுடையது. மின்சாரம் வாரியத்துடையது. புகைக்கு ஒரு அனுமதி, ஆள் வைத்தால் ஒரு பதிவு, உள்ளாட்சிக்கு ஒரு உரிமம், வரிக்கு ஒரு எண். 1991 ஜூலை 24-இல் டெல்லி பெரும்பாலான தொழில்களுக்கு லைசென்ஸை எடுத்துவிட்டது. சேதி வட்ட அலுவலகத்துக்கு வந்து சேர இன்னும் பேருந்து கிடைக்கவில்லை போலிருக்கிறது. 2018-இல் தமிழ்நாட்டில் ஒற்றைச் சாளரத்துக்கே தனிச் சட்டம் போட்டார்கள். சாளரம் ஒன்றுதான், மறுப்பதற்கில்லை. அதற்குப் பின்னால் மேசைகள் பழைய இடத்தில் பழைய பசியோடு உட்கார்ந்திருக்கின்றன.

அந்தப் பொருளாதாரச் சுதந்திரப் பட்டியல்களில் சொத்துரிமைக்கும் மதிப்பெண் உண்டு. 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பு பக்கம் வளையமாதேவியில் என்ன நடந்தது? கதிர் வாங்கும் நெல்வயலில் என்.எல்.சி.யின் இயந்திரங்கள் இறங்கி வாய்க்கால் வெட்டின. நிலத்தை எப்போதோ கையகப்படுத்திவிட்டோம் என்றது நிறுவனம். சரி, அறுக்கும்வரை பொறுத்தால் பூமி பிளந்துவிடுமா? பட்டறைக்காரரை ஒரு கையெழுத்துக்கு மாதக்கணக்கில் நடக்கவிடும் அதே அரசுக்கு, விளைந்த பயிரை மிதிக்க மட்டும் எங்கிருந்து வந்தது அந்த அவசரம்?

குஜராத்தின் மோர்பியைப் பாருங்கள். நாட்டின் ஓடுகளில் மிகப் பெரும்பங்கு அந்த ஒரு வட்டாரத்திலிருந்து வருகிறது. தனியார் சாமர்த்தியம் என்பார்கள், உண்மைதான். ஆனால் அந்தச் சூளைகளின் வாசல்வரை எரிவாயுக் குழாய் போட்டது குஜராத் கேஸ், மாநில அரசின் பிடியிலுள்ள கம்பெனி. நிலக்கரி வாயு ஆலைகளை மூடச் சொல்லி 2019-இல் உத்தரவிட்டதும் பசுமைத் தீர்ப்பாயம்தான். மோர்பி ஒன்றும் மூழ்கிப் போய்விடவில்லை. அங்கே அரசு குழாயாக வந்தது, குப்பைப் புகைக்குத் தடையாக வந்தது. ஓடு செய்கிறேன் என்று சூளைக்குள் வந்து உட்காரவில்லை. இங்கே நேர் தலைகீழ். சூளைக்குள் வந்து உட்கார்ந்தது. வியாபாரம் படுத்ததும் எழுந்து போனது. போகும்போது மேசையை மட்டும் விட்டுவிட்டுப் போனது.

அரசு பெரிதா சிறிதா என்று கருத்தரங்கில் முறுக்கு கடித்தபடி பேசுகிறவர்களுக்கு இது புரியாது. பெருத்திருக்க வேண்டிய இடத்தில் இளைத்தும், இளைக்க வேண்டிய இடத்தில் கொழுத்தும் கிடப்பது உடல்வாகு இல்லை, வியாதி. வியாதிக்காரனைத் தராசில் ஏற்றி எடை சரியாக இருக்கிறது என்று சான்றிதழ் கொடுக்கும் பொருளாதார நிபுணரைவிட, ஆற்றங்கரையில் கிளி ஜோசியம் பார்ப்பவர் யோக்கியர்.

விருத்தாசலத்து வாக்காளர்களே, அடுத்த தேர்தலில் "செராமிக் நகரை மீட்போம்" என்று மைக் பிடித்து யாராவது வருவார். எந்தக் கொடியானாலும் சரி, மூன்று கேள்வி கேளுங்கள்: களிமண் என்ன விலைக்கு, மின்சாரம் என்ன கட்டணத்துக்கு, பட்டறை திறக்க எத்தனை கையெழுத்து. பதிலைத் தேதி போட்டு எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் சால்வையைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.