சம்பந்தியிடம் யார் சொல்வது?

2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று அரசு அறிவித்தது 2005-இல். அந்தக் காலத்தில் சென்னையில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வைஃபை போடுவது என்றால் ஒரே ஒரு பெட்டிதான். அதை எட்டாத உயரத்தில் மாட்டி, பவரை முழுசாக வைத்து, திறந்த லேப்டாப்பைத் தாம்பாளம் மாதிரி ஏந்திக்கொண்டு வாசல் பக்கம் நடப்போம். செருப்பு விடும் இடத்திலும் சிக்னல் எடுத்தால் மேனேஜருக்கு முகமெல்லாம் பல். "தெரு வரைக்கும் வருது சார்!" தொழிலில் அதைவிடப் பெரிய நற்சான்று அப்போது கிடையாது. உபயோகித்தவர்கள், மாப்பிள்ளையின் ஆபீஸ் நண்பர்கள் நாலைந்து பேர்.

இப்போது எனக்குக் கூலியே சிக்னலைத் தெருவுக்கு விடாமல் பிடித்து வைக்கத்தான்.

ஆயிரம் பேர் ஹால்; ஆளுக்கு ஒரு போனாவது இருக்கும். ஒரு சேனலில் ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டும் என்பது வைஃபையின் தர்மம். 2.4-இல் ஒன்றோடொன்று இடிக்காத சேனல்கள் 1, 6, 11, அவ்வளவுதான். அதனால் பெட்டிகளைக் கூட்டி, பவரைக் குறைத்து, 2018-இல் தாராளமாகத் திறந்துவிட்ட 5 கிகாஹெர்ட்ஸுக்குக் கூட்டத்தைத் தள்ளி, ஒரு பகுதியை மட்டும் பார்க்கும் ஆன்டெனாக்களை மாட்டுகிறோம். 1, 2 எம்பிபிஎஸ் என்ற பழைய மந்த வேகங்களை அணைத்துவிடுகிறோம். அன்றைக்கு எங்களைத் தெரு வரை கூட்டிப்போனவை அவைதான், பாவம்.

மைக் செட்காரர்களுக்கு இது எப்போதோ தெரியும். ஒரே பெரிய ஸ்பீக்கரை அலறவிடாமல், சுவரோரம் சின்னச் சின்னதாக வைத்து மெதுவாகப் பேசவிடுவார்கள். பி.இ. படித்துவிட்டு அவர்களிடம் போய்க் கேட்பதா?

காலி ஹாலில் அளந்த கணக்கு கெட்டிமேளத்தில் பொய்த்துப்போகும். மனித உடம்பில் பெரும்பங்கு தண்ணீர். ரேடியோ அலையை நன்றாகக் குடிக்கும். எல்லோரும் எழுந்து நின்று போனைத் தூக்கும் அந்த ஒரு நிமிஷத்தில், "சிக்னல் ஃபுல்லா காட்டுது, ஒண்ணும் ஓப்பன் ஆகலியே?" என்பார் மேனேஜர். ஸ்டேடியங்களில் இந்த உடம்புகளையே சுவராக்கி, சீட்டுக்கு அடியில் ஆன்டெனா வைக்கிறார்கள். மண்டபத்து நாற்காலி வேளைக்கு ஓர் இடத்தில் இருக்கும். அதற்கடியில் எதை வைப்பது?

2010 ஜூனில் சான் பிரான்சிஸ்கோவில் ஐபோன் 4-ஐக் காட்டும்போது ஸ்டீவ் ஜாப்ஸுக்கே மேடையில் நெட் படுத்தியது. அரங்கில் 570 வைஃபை நிலையங்கள் ஓடுகின்றன, உங்களுடையதை அணையுங்கள் என்று கூட்டத்திடம் கேட்டுக்கொண்டார். அவர் சொல்லலாம். முகூர்த்தத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கையில், "மாமா, உங்க ஹாட்ஸ்பாட்டைக் கொஞ்சம் அணைச்சிடுங்க" என்று சம்பந்தியிடம் யார் சொல்வது? பெண்ணின் அப்பா என்னைப் பார்ப்பார். நான் வீடியோகாரரைப் பார்ப்பேன்.

அமெரிக்காவில் ராத்திரி கண் விழித்திருக்கும் அத்தைக்கு லைவ் தடைபடக் கூடாதே. மேடை வரை ஒரு கேபிளை இழுத்து, ஜமக்காளத்துக்கு அடியில் மறைத்து, நேராகக் கேமராப் பெட்டியில் செருகிவிடுகிறேன். பில்லில் அதற்கும் வைஃபை என்றுதான் போடுகிறோம்.