எழுதுவதுதான் பாக்கி

புது எழுத்தாளருக்கு முதல் சிக்கல் புனைபெயர். அது அமைந்ததும் பின்னட்டைப் படம்: மோவாயில் கை, எங்கோ பார்வை, பின்னால் புத்தக அலமாரி (அதில் பாதி, மனைவியின் குரூப் ஃபோர் கையேடுகள்). முன்னுரைக்கும் ஆள் பேசியாயிற்று. ஜனவரிப் புத்தகக் காட்சிக்கு நாவல் வந்துவிடும். எழுதுவதுதான் பாக்கி.

அதற்கு மூட் வர வேண்டுமாம். புதுமைப்பித்தன் 1948இல் இறந்தபோது வயது 42. தினமணி வேலைக்கும் வீட்டுக் கஷ்டத்துக்கும் நடுவே ஏறக்குறைய நூறு கதைகள். அச்சுக்கூடத்துப் பையன் மேட்டருக்காக வாசலில் நிற்கும்போது மூடாவது மண்ணாவது!

ஒருவழியாக நம்மவரும் தொடங்கினார். கீழ்வானம் சிவந்தது, பறவைகள் கூவின, தென்றல் தவழ்ந்தது. கதாநாயகன் எழுந்து பல் துலக்கவே மூன்றாம் பக்கம் ஆகிவிட்டது. முதல் இரண்டு பக்கங்களைக் கிழித்துப் போட்டால் கதை உருப்படும். மிச்சத்தை வாய்விட்டுப் படித்தால், மூச்சு முட்டும் வாக்கியங்கள் தாமே பிடிபடும். சொன்னேன். "சார், அந்தத் தென்றலை மட்டும் தொடாதீங்க" என்றார்.

கதை பத்திரிகையிலிருந்து திரும்பி வந்தது. இலக்கிய அரசியலாம். போன வருஷம் ஒரு துணுக்கு அச்சானதே, அது மட்டும் முழுக்க முழுக்கத் தகுதி.